எர்த் எடுத்துரு

தாராவி
28 செப்டம்பர் 2024, சனி, காலை 6:20

வந்தனா,

பொத்தான் பதினாறு. திருகு எட்டு. பெட்டி ஒன்று, அது போலீஸிடம் இருக்கு. செத்தவன் ஒருத்தன். உள்ளே இருக்கிறவர் ஒருத்தர். ஊரை விட்டுப் போனவள் ஒருத்தி. கணக்கு இவ்வளவுதான்.

நலமான்னு கேட்கப் போறதில்லை. உன் ஃப்ரெண்ட் சுஷ்மாகிட்ட கெஞ்சி உன் பெரியம்மா வீட்டு விலாசம் வாங்கினேன். உன் போன் ஸ்விட்ச் ஆஃப்னு ரெண்டு வாரமா ஒரே பொம்பளைக் குரல் சொல்லிக்கிட்டு இருக்கு. போன்ல எதுவும் எழுதாதேன்னு வக்கீலும் சொல்லிட்டார். அதனால பேப்பர். நான் கடைசியா பேனா பிடிச்சுத் தமிழ் எழுதினது பத்தாங்கிளாஸ் பரீட்சையில.

பிரம்மநாயகம் மாமாவை உள்ளே வச்சிருக்காங்க. செம்பூர் ஹவுசிங் சொசைட்டியில கணபதி பந்தலுக்கு வயரிங் செஞ்சது அவர்தான். மேடை போர்டுக்கு அவர் எர்த் கொடுக்கலை, அதனாலதான் அங்க பாடிக்கிட்டிருந்த நம்ம தௌசீப் செத்தான்னு கேஸ். கொலை இல்லை, ஆனா மரணம் விளைவிச்சார்னு பிரிவு போட்டிருக்காங்க. அவர் என் அம்மாவோட கூடப் பிறந்தவர். அம்மா போனதுக்கு அப்புறம் அந்த வீட்டுலதான் எனக்குச் சோறு. இது உனக்குத் தெரியும். மறந்திருந்தா ஞாபகப்படுத்துறேன்.

ஸ்டேஷன்ல போட்டோ காட்டினாங்க. நம்ம மேடை போர்டு திறந்து கிடக்கு. எர்த்தோட பச்சை வயர் கழன்று, முனையை மடக்கி, மேலே அழகா டேப் சுத்தி இருக்கு. மஞ்சள் டேப். மாமா கறுப்பு டேப் தவிர வேற தொட்டதில்லை. கேபிள் தலைக்கெல்லாம் லெஃப்ட், ரைட்னு மஞ்சள் டேப் சுத்துறது யாரு?

நம்ம பெட்டியையும் மேஜைமேல வச்சிருந்தாங்க. "யே க்யா ஹை?", இது என்னன்னு இன்ஸ்பெக்டர் கேட்டார். முலுண்டில் ஒரு பழைய டவர் லிஃப்டை மாத்தினப்போ நான் கழட்டிட்டு வந்த பொத்தான் தகடு, ஒவ்வொரு மாடிப் பொத்தானை அமுக்கினாலும் லேப்டாப்ல ஒரு சத்தம் வரும், மியூசிக் வாசிக்கிறதுக்கு நாங்களே செஞ்சதுன்னு சொன்னேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்துட்டு, "தோ லிஃப்ட் கஹாங் ஹை?", அப்போ லிஃப்ட் எங்கேன்னு கேட்டார்.

உன் அப்பாவுக்குப் புரியுற மாதிரி எழுதுறேன், படிச்சுக் காட்டு. மழைத்தண்ணி வாடகை ஆம்ப்ளிஃபயருக்குள்ள இறங்கிச்சு. கரண்ட் அதோட இரும்புச் சட்டத்துக்கு வந்துட்டுது. பச்சை வயர் இருந்திருந்தா அந்தக் கரண்ட் மண்ணுக்கு ஓடி ஃபியூஸ் போயிருக்கும். இருட்டாகி இருக்கும், ஜனங்க ஏய்ன்னு கத்தி இருப்பாங்க. அவ்வளவுதான். பச்சை வயர் இல்லை. அதனால கரண்ட் ஆம்ப்ல இருந்து ஆடியோ கேபிள், கேபிள்ல இருந்து லேப்டாப், அங்கிருந்து யுஎஸ்பி வழியா நம்ம பெட்டியோட ஸ்டீல் முகம் வரைக்கும் வந்து சத்தமில்லாம உட்கார்ந்திருந்தது. நீ தொட்டதெல்லாம் பிளாஸ்டிக் பொத்தான். நின்னது ப்ளைவுட். தௌசீப் பெட்டியை ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டு ஈர மண்ணுல இறங்கினான். பிள்ளையார் மேடைன்னு செருப்பைக் கழட்டி வச்சிருந்தான்.

அன்னிக்கு நான் முலுண்டுல. லிஃப்டுக்குள்ள ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க, என் டியூட்டி. ஸ்பீக்கர்ல கொர்ர்ன்னு ஹம் வருதுன்னு நீ கேட்டே. எர்த் கொடுக்கச் சொன்னேன். நீ நேர்மாறா செஞ்சே. வந்து அதைச் சொல்லு. அக்டோபர் 9 ஜாமீன் மனு.

பேச்சிராஜா

*

பாலக்காடு
5.10.2024

ராஜா,

உன் கடிதத்தை வாசிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதற்கு உன் கையெழுத்தும் ஒரு காரணம். ஆனால் நீ தமிழில் எழுதியது நல்லதாகப் போயிற்று. இந்த வீட்டில் எல்லாருக்கும் மலையாளமும் இங்கிலீஷும்தான் வாசிக்க வரும். இனிமேல் கவர்மேல் அனுப்புநர் இடத்தில் சுஷ்மா பெயரைப் போடு. "பேச்சிராஜான்னா யாருடீ, ஏதாவது சாமியாரா?" என்று பெரியம்மா கேட்டாள். காலேஜ் ப்யூன் என்று சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்.

அப்பாவுக்கு நான் எதுவும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. அன்று ராத்திரியே அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ எதையும் தொடலை. பாட்டு வாசிச்சே, அவ்வளவுதான். புரிஞ்சுதோ?" என்றார். மறுநாள் தாதரில் ரயில் ஏற்றிவிட்டார். போன் மாட்டுங்கா வீட்டில் அவர் பீரோவில் இருக்கிறது.

ஆமாம். நான்தான் கழற்றினேன். டேப் என்னுடையது. ஆனால் நீ எழுதி இருப்பது உண்மை இல்லை. நீ எனக்கு "எர்த் கொடு" என்று அனுப்பவில்லை. "எர்த் எடுத்துரு." இரண்டே வார்த்தை, இங்கிலீஷ் எழுத்தில். தௌசீப் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான். "எடுத்துரு மத்லப்?" என்று அர்த்தம் கேட்டான். "நிகால் தே", கழற்றிவிடு என்றேன். அவன்தான் ஓடிப்போய் ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்தான். நான் கழற்றும்போது அவன்தான் டார்ச் பிடித்தான், ராஜா.

ஹம் நின்றுவிட்டது. உனக்கு "நின்னுடுத்து" என்று அனுப்பினேன். நீ கட்டைவிரல் போட்டாய்.

மூன்று பாட்டு பாடினான். நாலாவதில் வழக்கம்போல, "கோன்ஸா மாலா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான். எந்த மாடி, எந்த மாடி என்று அவன் கேட்க, குழந்தைகள் சாத், பாரா, பந்த்ரா என்று ஏழு, பன்னிரண்டு, பதினைந்தைக் கத்த, அவன் அந்தந்தப் பொத்தானை அமுக்க... உனக்குத் தெரியும். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் "முஜே தபானா ஹை", நான் அமுக்கணும் என்று அழுதாள். அவள் அமுக்குவதற்காகத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். அவள் கை எட்டுவதற்கு முன்னால் விழுந்தான். அந்த ஒரு அடி தூரத்தைத்தான் நான் தினமும் நினைக்கிறேன்.

இன்னொன்று. ஆம்புலன்ஸில் இருந்து உனக்கு போன் செய்தபோது அந்த இரண்டு வார்த்தையும் போனில் இருந்தன. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது "இந்த மெசேஜ் நீக்கப்பட்டது" என்று இருந்தது. நீக்கியது நான் இல்லை.

தௌசீப் வீட்டுக்குப் போனாயா? அவன் தங்கை பரீஹா எப்படி இருக்கிறாள்?

வந்தனா

*

தாராவி
11 அக்டோபர், வெள்ளி

வந்தனா,

ஜாமீன் இல்லை. இனி செஷன்ஸ் கோர்ட், நவம்பர் 14.

கோர்ட் வராந்தாவில் மாமாவை ரெண்டு நிமிஷம் பார்த்தேன். சவரம் பண்ணலை, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். முப்பிடாதி அத்தை புட்டியில் மோர் கொண்டு வந்திருந்தா, கான்ஸ்டபிள் விடலை. மாமா என்கிட்ட கேட்டது ஒண்ணுதான்.

"நான் குடுத்தேம்லா, ராஜா?"

"குடுத்திய மாமா."

"நீ பாத்தியா?"

"நான் அன்னைக்கு வரலல்லா."

"ஆமா, நீ வரல." மாறின பொத்தானைச் சரி பண்ண ஆரம்பிச்சார். "சீரியல் லைட்டுக்குக் குடுத்தது நல்லா ஞாபகம் இருக்கு. மேடைக்கு... குடுத்த மாதிரிதான் இருக்கு."

முப்பது வருஷமா வயர் பிடிக்கிற மனுஷன் 'மாதிரி'ங்கிறார். போட்டோவைத் திரும்பத் திரும்பக் காட்டி, அவர் கண்ணையே அவர் நம்பாதபடி ஆயிட்டுது. இது உனக்கு உறைக்குதா?

மெசேஜை அழிச்சது நான்தான். ஆஸ்பத்திரி கேட்டில் நின்னு அழிச்சேன். பயம். வேற காரணம் எதுவும் இல்லை. உனக்கு எழுதும்போது ஒழுங்கா எழுதி இருக்கணும், எழுதலை.

ஆனா வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு என்னைக் குத்தாதே. தாராவியில் எந்த வயர்மேன்கிட்ட வேணும்னாலும் போய்க் கேளு. லைன் எடு, நியூட்ரல் எடு, எர்த் எடு. எல்லாம் 'அங்க இருந்து ஒரு வயரை இழுத்துக் கொண்டா'ன்னுதான் அர்த்தம். "எர்த் எடுத்தாச்சா?"ன்னு மாமா கேட்டா, கொடுத்தாச்சான்னு கேட்கிறார். சீரியல் லைட்டும் நம்ம போர்டும் ஒரே எர்த்துல இருந்தது, அதனாலதான் ஹம். நமக்குன்னு தனி எர்த் எடுத்துருன்னேன். மாட்டுங்காவுல எடுன்னா பிடுங்கிப் போடுன்னு அர்த்தமா? "நிகால் தே"ன்னு அவனுக்குச் சொன்னது நீ, நான் இல்லை. சந்தேகம்னா ஒரு போன். அஞ்சு செகண்ட் வேலை.

தௌசீப் வீட்டுக்குப் போனேன். ஜரி வேலைக்கு மாட்டின துணி ஃப்ரேமோட அப்படியே கிடக்கு, அவன் பாதி தைச்சது. பரீஹா கேட்டா, "பாய் கி ஆவாஸ் ஹை க்யா, உஸ் டப்பே மேங்?" பெட்டிக்குள்ள அண்ணன் குரல் இருக்கான்னு. பெட்டிக்குள்ள குரல் எதுவும் இல்லை, அது வெறும் சுவிட்ச்தான், குரல் எல்லாம் லேப்டாப்ல, லேப்டாப் போலீஸ்ல அப்படின்னேன். சரியான பதில்தான். சொன்னதும் என்னை நானே அறைஞ்சுக்கணும்போல இருந்தது.

வா.

ராஜா

*

பாலக்காடு
19.10.2024

ராஜா,

சந்தேகம் இருந்தால் ஒரு போன் என்று எழுதி இருக்கிறாய். முதலில் போன்தான் செய்தேன். இரண்டு தடவை. நீ இரண்டு தடவையும் கட் பண்ணினாய். அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு வார்த்தை வந்தது.

வயர்மேன் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் உன் பாஷை தெரியும். ஜனவரியில் உன் அறைக்கு முதன்முதலாக வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஏணி வழியாக ஏறும்போது நான் தலையை இடித்துக்கொண்டேன், தௌசீப் ஒரு மணி நேரம் சிரித்தான். பொத்தான் தகட்டைத் தரையில் கவிழ்த்து வைத்து ஒவ்வொன்றுக்கும் வயர் வைத்து சால்டர் செய்துகொண்டிருந்தாய். G முதல் 15 வரை. "G-க்கு என்ன சத்தம்?" என்று கேட்டேன். "தரைக்கு டிரம்தான்" என்றாய். ஏழாவது மாடிக்கு தௌசீப் இருமியதைப் பதிவு செய்தோம். அதுதான் கடைசிவரை நன்றாக வந்தது.

அன்றைக்கும் ஸ்பீக்கரில் கொர் என்று வந்தது. நீ என்ன செய்தாய்? லேப்டாப் பிளக்கை உருவி, தடித்த மூன்றாவது பின்னைக் கட்டிங் பிளையரால் நறுக்கென்று வெட்டிவிட்டு, இரண்டு துளை போர்டில் சொருகினாய். சத்தம் நின்றது. "பாத்தியா, மந்திரம்" என்றாய். வெட்டிய பின் உருண்டு என் காலடிக்கு வந்தது. அதை எடுத்துக் காட்டி, "இது எதுக்கு இருக்கு?" என்று கேட்டேன். "பயந்தவங்களுக்கு" என்றாய்.

அதனால் செம்பூரில் நான் வார்த்தையை மட்டும் படித்துவிட்டுக் கழற்றவில்லை. உன் கையைப் பார்த்ததை வைத்துக் கழற்றினேன்.

மரப்பெட்டி போதும் என்று நான் சொன்னேன், ஸ்டீல்தான் வேண்டும் என்று நீ சொன்னாய், இதையெல்லாம் இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது. எழுதவும் எழுதிவிட்டேன்.

அப்பா எனக்கு பெங்களூரில் வேலைக்கு ஏற்பாடு செய்கிறார். டிசம்பரில் சேர வேண்டுமாம். "அந்த வயர்மேன் எப்படியும் வெளியே வந்துடுவான், ஏழைகளுக்கு ஜெயில் பழக்கம்" என்று போனில் பெரியப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அன்றைக்கு நீ என்ன நினைத்து எழுதினாய்? கொடு என்றா, கழற்று என்றா? நீ கொடு என்று நினைத்திருந்தால், நான் வந்து, வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு நானே கழற்றினேன் என்று சொல்லிவிடுகிறேன். உன் பெயரை இழுக்க மாட்டேன். முட்டாள்தனம் என்னுடையதாகவே இருக்கட்டும்.

நீ எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்று: பொத்தானை ஒரு தடவை அமுக்கினாலும் உள்ளே தகடு நாலைந்து தடவை துள்ளும். சிப் முதல் துள்ளலை நம்பக் கூடாது, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பார்க்க வேண்டும். அந்த மாதிரி பொறுத்துப் பார்த்து பதில் எழுது. அவசரமில்லை.

வந்தனா

*

தாராவி
23 அக்டோபர்

வந்தனா,

இன்னிக்குத்தான் உன் லெட்டர் கிடைச்சது. பொறுக்க ஒண்ணும் இல்லை.

கொடுன்னுதான் நினைச்சு எழுதினேன்.

பதினாலாம் தேதிக்கு முன்னால வா.

ராஜா

*

பாலக்காடு
1.11.2024

ராஜா,

சரி.

பதினோராம் தேதி ரயிலில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். பெரியம்மாவிடம் பெங்களூர் என்று சொல்லி இருக்கிறேன். கல்யாணில் இறங்கி நேராக வக்கீல் ஆபீஸ் வருவேன். அதன் விலாசத்தை சுஷ்மாவிடம் கொடுத்து வை. மாட்டுங்கா வீட்டுக்குப் போக மாட்டேன். அப்பா முகத்தைப் பார்த்தால் என்னால் இதைச் சொல்ல முடியாது.

என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிப் பார்த்தேன். "பேச்சிராஜா எர்த் இணைக்கச் சொன்னார். எனக்கு அந்தத் தமிழ் சரியாகப் புரியவில்லை. நான் என் இஷ்டத்துக்குக் கழற்றினேன். பிரம்மநாயகம் எர்த் கொடுத்திருந்தார், நான் கண்ணால் பார்த்தேன்." இதை இந்தியில் சொல்லிப் பழகுகிறேன். கொல்லையில் நின்று சொல்கிறேன். நேற்று தீபாவளி வெடிச் சத்தத்தில் உரக்கவே சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த வாக்கியத்தில் தௌசீப் எங்கே டார்ச் பிடிக்கிறான் என்று தெரியாமல் நின்றுவிடுகிறேன். அதைச் சொல்ல வேண்டுமா? அவன் வீட்டார் முன்னால் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பரீஹாவிடம் சொல். ஒத்திகைப் பதிவுகள் ஒரு பென் டிரைவில் என்னிடம் இருக்கின்றன. "கோன்ஸா மாலா" பதினோரு தடவை இருக்கிறது. இருமலும் இருக்கிறது. கொண்டு வருகிறேன்.

ஜெயிலில் போடுவார்களா? நீ நேராகச் சொல்கிறவன், அதனால் கேட்கிறேன்.

இவ்வளவு நாள் நீ வேண்டுமென்றே என்மேல் பழியைத் தள்ளுகிறாய் என்று நினைத்தேன். அப்படி இல்லை என்று நீ எழுதிய பிறகு பாரம் முழுக்க என்மேல் ஏறிவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் இருந்ததைவிட இது பரவாயில்லை.

வந்தனா

*

தாராவி
7 நவம்பர் 2024, வியாழன், காலை 7:10

வந்தனா,

ஸ்பீட் போஸ்ட்டில் போடுறேன். ரயில் ஏறுறதுக்கு முன்னால இது உன் கைக்கு வரணும்.

முந்தாநாள் மதியம் அத்தை வீட்டில் மீன் குழம்பு. மாமா உள்ளே போனதில் இருந்து அவ மீன் வாங்கலை, அன்னிக்கு ஏனோ வாங்கினா. முதல்ல ஒரு விஷயம் சொன்னா. மாமா வக்கீல்கிட்ட சொல்லிட்டாராம்: "நான் மறந்துட்டேம்போல சார், அப்படியே எழுதிக்கிடுங்க. எத்தனை நாளைக்கு இல்ல, இல்லன்னு சொல்லுதது." தெரியாம நடந்த தப்புன்னு ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்னு யாரோ உள்ளே சொல்லிக் கொடுத்திருக்கான். பதினாலாம் தேதி அதைத்தான் சொல்லப்போறார்.

"ஏல, உம் மாமா அந்தப் பச்சை வயர குடுக்காம விட்டிருப்பாவளா?"ன்னு கேட்டா.

"இல்லத்தே."

"பின்ன யாருல கழத்துனா?"

"தெரியலத்தே."

தட்டில் இன்னொரு துண்டு வச்சா. நான் தலையைக் குனிஞ்சு வேகமா தின்னுக்கிட்டு இருந்தேன். "மெதுவா தின்னுல. முள்ளை எடுத்துரு. தொண்டையில மாட்டிக்கிட்டா இன்னைக்கு உன்னைத் தூக்கிட்டு ஓட இந்த வீட்டுல ஆம்பள கிடையாது" அப்படின்னா.

முள்ளை எடுத்துரு. நான் முள்ளை உருவித் தட்டு ஓரத்தில் வச்சேன். எங்கேயோ இருந்து ஒரு முள்ளைக் கொண்டுவந்து மீனுக்குள்ள சொருகலை. எடுத்துருன்னா எடுத்துரதுதான். அத்தைக்கு அதில் ரெண்டு அர்த்தம் இல்லை. எனக்கும் என்னிக்கும் இருந்ததில்லை.

நீ தப்பாப் புரிஞ்சுக்கலை வந்தனா. சரியாப் புரிஞ்சுகிட்டே. நான் கழட்டத்தான் சொன்னேன்.

முலுண்டில் பதினோராவது மாடிக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவில லிஃப்ட் நின்னிருந்தது. உள்ளே ஒரு ஆள் கதவைக் குத்திக்கிட்டு இருந்தார், நான் மேல மோட்டார் ரூமில். உன் போனைக் கட் பண்ணினேன். ஹம்னா எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதான், நீ என் ரூமில் பார்த்தது. மழை பெய்யுதான்னு கேட்கலை. எந்த ஆம்ப்னு கேட்கலை. ரெண்டு வார்த்தை அடிச்சேன். நீ "நின்னுடுத்து"ன்னதும் சந்தோஷமா கட்டைவிரல் போட்டேன்.

அந்த வயர்மேன் அர்த்தம் இருக்கே, அது உன் முதல் லெட்டர் வந்ததுக்கு அப்புறம் நான் கண்டுபிடிச்சது. மாமா பேச்சில இருந்துதான் திருடினேன். அவர் வார்த்தையை வச்சே அவரை வெளியே கொண்டாந்து, என்னையும் காப்பாத்திக்கலாம்னு ஒரு கணக்கு. மூணாவதா நீதான் மாட்டுவே, அதுவும் தெரியும். பொறுத்துப் பார்த்து எழுதச் சொன்னே. லெட்டர் கைக்கு வந்த அன்னிக்கே பொய் எழுதிப் போட்டேன்.

ஜெயிலில் போடுவாங்களான்னு கேட்டே. தெரியாது. போடலாம். நேராச் சொல்றவன்னு என்னை எழுதி இருந்தே, அந்த வரியை வாசிச்சுட்டு அடுத்த வரிக்குப் போக எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு.

பழகின அந்த வாக்கியத்தைச் சொல்லாதே. முதல் பாதி பொய். கடைசி வரி மட்டும் வேணும்: மாமா எர்த் கொடுத்திருந்தார், நீ கண்ணால் பார்த்தே. அதை உன்னைத் தவிர வேற யாரும் சொல்ல முடியாது. டார்ச் பிடிச்சதையும் சொல்லு. அவன் பிடிச்சான். நாம சொன்னதை நம்பிப் பிடிச்சான்.

இனி நான் செய்யப் போறது:

1. இன்னிக்கு மதியம் அத்தைகிட்ட சொல்லுவேன். அவ சோறு போடுறதுக்கு முன்னால. தின்னுட்டுச் சொல்லமாட்டேன்.

2. நாளைக்குக் காலையில் வக்கீல் ஆபீஸ். மாமா எதையும் ஒத்துக்கக் கூடாதுன்னு முதல்ல சொல்லி அனுப்பணும். அவர் மறக்கலைன்னு அவருக்கே யாராவது சொல்லணும்.

3. அங்கிருந்து ஸ்டேஷன். அழிச்ச ரெண்டு வார்த்தையை இங்கிலீஷ் எழுத்தில், அனுப்பின மாதிரியே எழுதிக் கொடுப்பேன். அர்த்தம் கேட்டா "நிகால் தோ"ன்னு நானே சொல்லுவேன். அழிச்சதையும் சொல்லுவேன். போனைக் கொடுத்துடுவேன்.

4. பின் வெட்டின பிளக் அன்னிக்குப் பந்தலுக்கு வரலை, என் பையில் இருக்கு. அதையும் மேஜைமேல வைப்பேன். வெட்டின பின்னைத் தேடினேன், கிடைக்கலை. உன்கிட்ட இருந்தா கொண்டு வா.

5. பரீஹாகிட்ட நீ பென் டிரைவோட வர்றேன்னு இன்னிக்கே சொல்லுவேன். கூடவே யார் என்ன செஞ்சோம்னும் சொல்லுவேன். அதுக்கு அப்புறமும் அவ கதவைத் திறந்தா, நீ கொடு. திறக்கலைன்னா சுஷ்மாகிட்ட கொடுத்தனுப்பு.

6. மாமா வெளியே வரும்போது நான் அனேகமா இங்க இருக்கமாட்டேன். "உன் ரூமுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை எர்த் போட்டுத் தாரேம்ல"ன்னு ரெண்டு வருஷமா சொன்னவர், நான்தான் நேரமில்லைன்னு தட்டிக்கழிச்சேன். சாவியை அத்தைகிட்ட கொடுத்துட்டு, போர்டு மேல ஒரு சீட்டு ஒட்டிட்டுப் போவேன். அதில் எடுன்னு எழுதமாட்டேன். 'மாமா, இதுக்கு எர்த் குடுங்க'ன்னு எழுதுவேன்.

பேச்சிராஜா